ஒளிக்கத் தெரியாதவரின் ரிவோல்வர்

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடிக்கு ஏறுகிற எவரும், மூன்றாம் மாடியில் அவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஏற முடியாது. அவர் கதவைச் சாத்துவதில்லை. குளிர்காலத்தில் மட்டும் சாத்துவார், அதுவும் மனைவி சண்டை பிடித்தால். பாரிஸின் லாச்சப்பலில் எங்களுடைய ஆட்களின் வீடுகளில் மணி அடித்தால் முதலில் தொலைக்காட்சிச் சத்தம் நிற்கும். பிறகு பேச்சு நிற்கும். பிறகு கதவுத் துளைக்குப் பின்னால் ஒரு கண் வரும். இவர் வீட்டில் மணிக்கே வேலை இல்லை. காலடிச் சத்தம் கேட்டதும் குசினிக்குள்ளிருந்து, "வாங்கோ, வாங்கோ, கறி அடுப்பிலை கிடக்கு" என்று குரல் வரும். வந்தது யார் என்று எட்டிப் பார்க்கவும் மாட்டார்.

நான் நான்காம் மாடியில் இருந்தேன். மெத்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் பிளவுஸ் தைப்பது என் வேலை. அவர் கிழக்கு ரயில் நிலையப் பக்கம் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணை. அவருடைய மனைவி எனக்கு அக்கா. பிள்ளைகள் இல்லை.

எதையும் ஒளிக்கத் தெரியாத மனிதர் அவர். இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அப்படி ஒருவரோடு பழகிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கரைச்சல் தெரியும். சம்பளம் எவ்வளவு என்று தேத்தண்ணிக் கடையில் யாரும் கேட்காமலே சொல்வார். கலியாண மண்டபத்தில் பக்கத்தில் இருக்கிறவரிடம் தன் கோட்டு மலிவு விற்பனையில் எடுத்தது என்பார். ஒருநாள் அக்காவைக் கூட்டிப்போக எங்கள் கடைக்கு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கைக்காரி புது பிளவுஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, "எப்பிடி அண்ணை இருக்கு?" என்று சும்மா கேட்டுவிட்டாள்.

"இடக்கை கொஞ்சம் ஏறிக் கிடக்கு பிள்ளை," என்றார் இவர்.

ஏறித்தான் கிடந்தது. நான் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. வழக்கம்போல வாசலில் நின்று, "பிள்ளை, சொதி கிடக்கு, கொண்டு போ," என்றார்.

அக்கா இதைவிட நிறைய அனுபவித்திருந்தாள். அவர் இங்கே வந்த காலத்தில் அகதி விண்ணப்பத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாரும் பாடமாக்கிக்கொண்டு போனார்கள். இவருக்கும் ஒரு கதை சொல்லிக் கொடுக்கப்பட்டது. அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்து, "என்னை ஒருத்தரும் அடிக்கேல்லை. அடிப்பாங்கள் எண்ட பயத்திலைதான் வந்தனான்," என்று சொல்லிவிட்டு வந்தார். விண்ணப்பம் தள்ளுபடியானது. மேன்முறையீடு, மறுபடி தள்ளுபடி, மறுபடி விண்ணப்பம் என்று காலம் போனது. அவருக்கென்று நிச்சயம் பண்ணின அக்கா அத்தனை வருசமும் யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டில் காத்திருந்தாள். "உவர் சொன்ன உண்மைக்கு நான்தான் கூலி குடுத்தனான்," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சொல்லாமல் விடமாட்டாள்.

அக்கா அவருக்கு நேர் எதிர். போர்க்காலத்தில் அவள் வளர்ந்த வீட்டுக்கு எத்தனையோ விதமான சீருடைகள் வந்து, வீட்டில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கின்றன. எந்தச் சீருடை கேட்டாலும் பதில் ஒன்றுதான். ஒண்டுமில்லை. அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும் அதுதான் பதில். இங்கே மெத்ரோவில் பயணச்சீட்டுப் பார்க்கிறவன் ஏறினால்கூட, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு நெஞ்சு அடிக்கும்.

இப்படியான எங்களுக்கு நடுவில்தான் அவர் ஒருநாள் தேத்தண்ணிக் கடையில், பிறஷர் குக்கர் வாங்கினதைச் சொல்கிற மாதிரி, "நான் ஒரு துவக்கு வாங்கியிருக்கிறன்," என்று சொன்னார்.

நான் ரோல்ஸ் வாங்க நின்றேன். வடை போட்டுக்கொண்டிருந்தவர் எண்ணெய்க்குள் விட்ட கரண்டியை எடுக்க மறந்துவிட்டார். இவர் கைத்தொலைபேசியில் படத்தைப் பெரிதாக்கி எல்லாருக்கும் நீட்டினார். நீண்ட குழல், மரப்பிடி, விசைக்குக் கீழே பித்தளை வளையம். பழைய அமெரிக்காவில் மாடு மேய்க்கிற குதிரைக்காரர் இடுப்பில் தொங்கவிடுகிற ரிவோல்வர் மாதிரி இருந்தது. அதே அச்சில் இப்போது செய்ததாம்.

"அண்ணை, கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ," என்றார் கல்லாவில் இருந்தவர்.

"ஏன் தம்பி? கள்ளச் சாமானே? கடையிலை அடையாள அட்டை குடுத்து வாங்கினனான். பழைய காலத்து மாதிரி, மருந்து தனியா, குண்டு தனியா அடைச்சுச் சுடுறது. வயது வந்த ஆர் எண்டாலும் வாங்கலாம். பேரைக் கொம்பியூட்டரிலை அடிச்சுப் பாத்தவன். கூடாத ஆள் எண்டால் அதிலை வந்திடுமாம். எனக்கு ஒண்டும் வரேல்லை." சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துபோனது. "அரசாங்கத்தின்ரை கொம்பியூட்டர் ஒண்டு என்ரை பேரைப் பாத்திட்டு முதல்முறையா ஓம் எண்டு சொன்னது."

மூலை மேசையில் இருந்த ஒருவர் பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். போகும்போது இவரைப் பார்க்கவில்லை. ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பவர் அவர். இவர் அதைக் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஆனால் கதையை நிறுத்தவில்லை.

அவருக்கு இந்த ஆசையை மூட்டியது கூட வேலை செய்த இறைச்சி வெட்டுகிற பிரெஞ்சுக்காரன். அவன் துவக்குச் சுட்டுப் பழகுகிற ஒரு கழகத்தில் உறுப்பினன். ஒரு முறை இவரைக் கூட்டிப்போய்க் காட்டினான். அதற்குப் பிறகு இவர் வைத்தியரிடம் சான்றிதழ் எடுத்து, கழகத்தில் சேர்ந்து, மாதக்கணக்காக அவர்களுடைய துவக்கில் பழகிவிட்டுத்தான் தனக்கென்று ஒன்று வாங்கினார். இளவயதில் யாழ்ப்பாணத் தியேட்டரில் குதிரைக்காரன் படங்கள் பார்த்திருக்கிறாராம். பாதியில் மின்சாரம் போய்விடும். கடைசிச் சண்டையில் யார் விழுந்தான் என்று தெரியாமலே வீட்டுக்குப் போன படங்கள் நிறைய என்றார்.

அக்கா மூன்று நாள் சமைக்கவில்லை. சமையல்காரர் வீட்டில் அது பெரிய தண்டனை இல்லைதான். நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அங்கை இதைக் கண்டு ஓடி ஒளிச்ச நாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்து வாங்கி அலுமாரிக்குள்ளை வைக்கிறமோ?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப பாத்து வாங்கியிருக்கிறார் பாரன்," என்றாள்.

இப்ப என்று அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை முன்பே கிடைத்துவிட்டது. அவள் இன்னும் அகதி அட்டையோடு இருந்தாள். அந்த அட்டையோடு இலங்கைக்குப் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். தொலைபேசியில் பேசினால் யார் என்று சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. அக்காவின் குடியுரிமை விண்ணப்பம் பிரெபெக்தூர் என்கிற அரசாங்க அலுவலகத்தில் இருந்தது. நேர்முகம் முடிந்து பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட் வந்தால் அம்மாவை உயிரோடு பார்க்கலாம். இந்த நேரத்தில் வீட்டைப் பற்றி ஒரு கெட்ட பேச்சு அங்கே போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய பயம். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

"நீ ஒருக்கா அவரோடை போய், அங்கை என்ன செய்யினம் எண்டு பாத்திட்டு வா," என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை இறைச்சிக்காரனின் காரில் போனோம். பாரிஸைத் தாண்டி, சோள வயல்களும் தாண்டி, ஒரு மண்மேட்டுக்கு முன்னால் கழகம். எல்லாரும் வயதானவர்கள். காதில் பெரிய மூடிகள். எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். முதல் வெடிக்கே நான் குந்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணை வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "எனக்கும் முதல்நாள் இப்பிடித்தான். காற்சட்டை நனைஞ்சு போச்சு," என்றார். ஒளிக்கத் தெரியாதவர் என்று சொன்னேனே.

பிறகு அவர் அடைக்கத் தொடங்கினார். உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் அளவாகக் கருமருந்து போட்டார். அதற்கு மேல் ஒரு சின்னக் கரண்டியால் வேறு எதையோ போட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால் உப்புமாவுக்கு வாங்குகிற ரவை. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கக்கூடாதாம், அங்கே எல்லாரும் அதைத்தான் போடுகிறார்களாம். "இவங்கடை ரவை பெருங்குறுணி. நான் எங்கடை கடையிலை வறுத்தது வாங்கிறன்," என்றார். ரவைக்கு மேல் ஈயக் குண்டை வைத்துக் குழலுக்குக் கீழே இருந்த நெம்புகோலால் அழுத்தினார். கடைசியில் மேலே மெழுகு. மற்றவர்கள் ஆட்டுக் கொழுப்புக் கலந்தது பூசுவார்களாம். இவர் தேன்மெழுகை நல்லெண்ணெயில் உருக்கித் தானே கிண்டி எடுத்துவந்திருந்தார். விரதகாலத்திலும் பாவிக்க வேண்டும் அல்லவா.

"இப்ப பார். விசையை மட்டும் இழுத்தால் ஒண்டும் நடக்காது," என்று இழுத்துக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "முதல் பெருவிரலாலை இந்தச் சுத்தியலைப் பின்னாலை இழுக்கோணும். அதுக்குப் பிறகுதான் விசை. அடுத்த வெடிக்குத் திருப்பியும் முதலிலையிருந்து. ஒவ்வொரு வெடிக்கும் ஓம் எண்டு ரெண்டு தரம் சொல்லோணும். அவசரக்காரனுக்கு இது உதவாது."

சுட்டார். வெள்ளைப் புகை எழுந்து அவரை மறைத்தது. புகைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அத்தனை வருசம் பழகியும் நான் கேட்காத சிரிப்பு. மறுபடி சுத்தியலை இழுக்கும் கிளிக் சத்தம், வெடி, புகை, சிரிப்பு. ஆறும் முடிந்து புகை கலைந்தபோது முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர். நான் பயத்தில் வியர்த்துப்போய் நின்றேன். ஆனாலும் அந்த நேரம் அந்த மனிதரைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கழுவுதல். அதுதான் அக்காவின் பொறுமையைச் சோதித்தது. கருமருந்துக் கரியைச் சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுத்தான் கழுவ வேண்டும். சுடுதண்ணி பட்டதும் கூழ்முட்டை நாற்றம் எழும்பும். படிக்கட்டு முழுக்க அது நிற்கும். மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பைச் சட்டி கழுவுகிற தொட்டியில் கழுவுவார். ஈரம் நின்றால் துருப்பிடித்துவிடும் என்று கேக் சுடுகிற அடுப்பில் மெல்லிய சூட்டில் வைத்துக் காயவிடுவார். கதவு மட்டும் வழக்கம்போலத் திறந்தே கிடக்கும்.

"இஞ்சேருங்கோ, கதவையாவது சாத்துங்கோவன்," என்பாள் அக்கா.

"ஏன்? கதவைச் சாத்தினால்தான் சனம் யோசிக்கும்," என்பார் அவர்.

இந்த மனிதர் செய்த ஒரே ஒரு பெரிய பிழை சரஸ்வதி பூசை அன்று நடந்தது. எங்களுடைய ஆட்களைத் தவிர வேறு யாரும் அப்படியொரு பிழையைச் செய்திருக்க முடியாது. ஒவ்வொரு வருசமும் நவராத்திரிக் கடைசி நாளில் அவர் தன் சமையல் கத்திகளைக் கழுவித் துடைத்து, வாழையிலையில் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். நான் என் கத்தரிக்கோலைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பேன். அந்த வருசம் கத்திகளுக்குப் பக்கத்தில் ரிவோல்வரும் இருந்தது. குழலில் மூன்று குறி விபூதி, பிடியில் பெரிய குங்குமப் பொட்டு. அது ஆயுதம்தானே, வேறு எங்கே வைப்பது என்று நினைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்த சனத்துக்கு முன்னால் அக்கா என்ன பேசுவாள். தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, இலைக்குக் கிட்டக் குனிந்தாள். அப்போதுதான் ரிவோல்வருக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைக் குப்பியை நான் கண்டேன். அதற்கும் ஒரு பொட்டு.

"அண்ணை, உது என்ன குப்பி?"

வேறு யாராவது என்றால் பூசை முடியட்டும் என்று சமாளித்திருப்பார்கள். இவர் அந்த நேரத்திலும், "துவக்கு மருந்து," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிப்போனது. அக்கா எரிகிற தட்டோடு அசையாமல் நின்றாள். தட்டில் சுவாலை ஆடியது. அவர் குனிந்து, குப்பியை எடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனார். அக்கா தீபத்தைக் காட்டி முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. சுண்டல் கொடுக்கவென்று இரண்டாம் மாடியில் தனியாக இருந்த பிரெஞ்சு மதாமைக் கூட்டிவந்தார். வருசா வருசம் கூப்பிடுவார். அவளும் சுண்டல் என்றால் வந்துவிடுவாள். அந்த அம்மா இலைக்கு முன்னால் நின்று பார்த்தாள். கத்திகள், ஒரு ரிவோல்வர், எல்லாவற்றிலும் சிவப்பு. இவர் தன்னுடைய சமையலறைப் பிரெஞ்சில், "இது என்னுடையது, நல்ல சாமான், சனிக்கிழமைகளில் சுடுவேன்," என்று விளக்கினார். அவள் தலையை ஆட்டினாள். சுண்டலைக் கையில் வாங்கினாள். சாப்பிடாமல் கொண்டு போனாள்.

பிறகு நடந்ததற்கு அவள்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. படியில் கண்டால் எப்போதும்போல வணக்கம் சொன்னாள். படிக்கட்டில் நாற்றத்தை மணந்த வேறு ஆட்களும் இருந்தார்கள்.

சில கிழமைகள் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம். அக்காவின் பிளவுஸ் ஒன்றை அளவு பார்க்கக் கொண்டுபோயிருந்தேன். அவர் காலையில் கழகத்துக்குப் போய்வந்து, கழுவி, அடுப்புக்குள் வைத்துவிட்டு, குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீடெல்லாம் கூழ்முட்டை மணம். அன்று குளிர் என்று அக்கா கதவைச் சாத்தியிருந்தாள். மணி அடித்தது. ஊசிகள் குத்திய பிளவுஸோடு, மேலே ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு அவளே போய்த் திறந்தாள்.

இரண்டு பொலிஸ்காரர். ஒரு பெண், ஒரு ஆண். இருவரும் மரியாதையாகத்தான் நின்றார்கள். அந்தப் பெண், "மன்னிக்கவும் மதாம், இந்த வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பதாக..." என்று தொடங்கினாள்.

அவள் வசனத்தை முடிக்கவில்லை. "இல்லை. ஒன்றுமில்லை," என்றாள் அக்கா.

அந்த ரிவோல்வரில் சட்டப்படி எந்தப் பிழையும் இல்லை. ஓம், இருக்கிறது, கடையில் வாங்கினது, இதோ கழக அட்டை என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் போயிருப்பார்கள். இப்போது அது குற்றமற்ற சாமான், அக்கா பொய் சொன்னவள். அதுவும் அவளுடைய விண்ணப்பம் மேசையில் இருக்கிற நேரத்தில்.

குசினியிலிருந்து அவர் வந்தார். கையில் துவாய். அக்கா சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது. பொலிஸ்காரன் அவரைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கள் ஐயா. துப்பாக்கி இருக்கிறதா?" என்றான்.

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. பிளவுஸின் ஊசி ஏதாவது குத்தியிருக்கும், அதையும் அவள் உணர்ந்திருக்கமாட்டாள். அன்று அகதி விண்ணப்ப அதிகாரி முன்னால் உண்மையைச் சொல்லி, இவளைக் காலம் காலமாகக் காக்கவைத்த மனிதர் இப்போதும் வாயைத் திறந்து ஓம் என்று சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவருக்கு வேறு எதுவும் தெரியாதே. பிள்ளையாரே, இந்த ஒருமுறை இந்த மனிதரின் வாயைக் கட்டு என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"இருந்தது," என்றார் அவர். துவாயால் கையை மெல்லத் துடைத்தார். "விற்றுவிட்டேன்."

"யாருக்கு?"

"கழகத்தில் ஒரு நண்பருக்கு."

அந்தப் பெண் மூக்கைச் சுருக்கினாள். "என்ன மணம் இது?"

"முட்டை," என்றார். "முட்டை அவிக்கிறேன்."

அவர் முகத்தை அந்த நேரம் பார்த்திருக்கக்கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன். பொய் சொல்லிப் பழகினவர்களின் முகம் அப்படி இருக்காது. அவமானப்பட்ட மனிதனின் முகம் அது. பொலிஸ்காரர் எத்தனையோ பேரைப் பார்த்தவர்கள், கண்டுபிடித்திருக்கவும் கூடும். அல்லது வயதான ஒரு சமையல்காரனும், சால்வை போர்த்த ஒரு பெண்ணும், வாயில் ஊசியோடு நிற்கும் ஒரு தையல்காரியும் போதும் என்று நினைத்திருக்கலாம். அயலாரைப் பயமுறுத்தாமல் இருங்கள் என்றார்கள். அடுப்பைக் கவனியுங்கள் என்றாள் அந்தப் பெண். போய்விட்டார்கள்.

கதவு சாத்தியதும் அக்கா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவை கேட்டு முடிக்க முந்தி என்ரை வாய் சொல்லிப்போட்டுது," என்றாள். "நான் நினைச்சுச் சொல்லேல்லை. அது தானா வந்தது."

"தெரியும். நீர் எழும்பும்," என்றார் அவர். குனிந்து, அவள் தோளில் சால்வையைச் சரிபண்ணினார். பிறகு குசினிக்குப் போய் அடுப்பை அணைத்தார்.

அன்று மாலை என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவர் நின்றார். கையில் ஒரு தட்டு. அவித்து உரித்த முட்டைகள், மேலே உப்பும் மிளகும்.

"சாப்பிடு பிள்ளை."

"என்ன அண்ணை திடீரெண்டு முட்டை?"

"அவிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன் எல்லே."

நான் சிரிக்கத் தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை. நான் ஒரு முட்டையை எடுத்துக் கடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை ரிவோல்வரைக் கழகத்துக்குக் கொண்டுபோய் இறைச்சிக்காரனுக்கே விற்றுவிட்டார். மெழுகுச் சிமிழையும் மருந்துக் குப்பியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். விற்க வேண்டாம் என்று அக்காவே சொல்லிப் பார்த்தாள். பொலிஸ் வந்து போய்விட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்றாள். அவர் கேட்கவில்லை. அன்று படியில் என்னைக் கண்டபோது வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தார்.

"நான் பொய் சொல்லேல்லைப் பிள்ளை," என்றார். "கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன். அவ்வளவுதான்."

ஓம் அண்ணை என்றேன். வேறு என்ன சொல்ல. அந்தப் புகைக்குள்ளிருந்து வந்த சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. மேலே போய் அழுதேன்.

அடுத்த கோடைக்கு முன்னால் அக்காவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. யாழ்ப்பாணம் போனாள். அம்மாவுக்கு அவளைத் தெரிந்தது. அங்கிருந்து தொலைபேசியில் அதைச் சொன்னபோது அவள் அழுததும் நான் அழுததும் இன்னும் காதில் இருக்கிறது. அன்று அவள் பொலிஸிடம் பொய் சொன்னது சரியா பிழையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தாய் மகளைத் தெரிந்துகொண்டாள் என்பது மட்டும் தெரியும்.

அக்கா ஊரில் நின்ற அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். இரண்டாம் மாடி தாண்டியதும் கூழ்முட்டை மணம் வந்தது. மூன்றாம் மாடியில் கதவு சாத்தியிருந்தது. கோடை வெயிலில் அந்தக் கதவு சாத்தியிருந்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். தட்டினேன். உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. பிறகு கதவுத் துளை இருண்டது.

கதவைப் பாதி திறந்தார். கையில் துவாய்.

"என்ன அண்ணை, மணக்குது?"

"முட்டை பிள்ளை. முட்டை அவிக்கிறன்," என்றார்.

தட்டில் ஒன்று கொண்டுவாருங்கோ என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவும் இல்லை. சரி அண்ணை என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். என் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை காதைக் கீழேதான் வைத்திருந்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

அடுத்த வருசம் அவர்கள் தெற்கே ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டார்கள். கதவு சாத்தியிருந்த அந்தச் சனிக்கிழமை இரவு முட்டை எதுவும் மேலே வரவில்லை. அவர் சொன்னதை நம்புவதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டு படுத்தது அந்த ஒரு நாள்தான்.